வட்டம் என்றால் ஒன்றே ஒன்று

கோகிலவாணியின் கைகள் இரண்டிலும் நல்லெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. ஃபோனோ எதிரே துவைக்கிற கல்லின் மேல் சோப்புப் பெட்டியில் சாய்ந்து, பத்து மணிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டிய படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்தபடி இருந்தது. மணி ஒன்பது இருபது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் எப்போது சொன்னார்களோ அப்போதே அம்மா வெள்ளிக்கிழமையைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டுவிட்டாள். முதலில் மிளகு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் பிளாஸ்டிக் முக்காலி மேல் அரைமணி நேரம் வெயில், அப்புறம் அரப்புத்தூள் தேய்த்துத் தலைக்குக் குளியல், அப்புறம்தான் கம்பெனி, கலெக்டர் எல்லாரும். திரை அணைந்துவிடாதபடி நேற்றே மாற்றி வைத்திருந்தாள். எண்ணெய்க் கையோடு தொட முடியாது என்று தெரிந்தே வந்து உட்கார்ந்ததும் ஒரு தந்திரம்தானோ என்று அவளுக்கே சந்தேகம். படிவத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. பெயர். அதற்குக் கீழே இரண்டு வட்டங்கள், டிசைன், டெவலப்மெண்ட். வட்டம் என்றால் ஒன்றே ஒன்றைத்தான் தொடலாம், கட்டம் என்றால் எத்தனை வேண்டுமானாலும் டிக் அடிக்கலாம், இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரமே இது தெரிந்துவிடும். இந்தப் படிவத்தைச் செய்தவர்கள் கட்டம் போட்டிருக்கலாமே. போட மாட்டார்கள். மூன்று வருஷமாகப் பதினோரு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து, இணையதளம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்தும் காட்டி, கோடிங் எழுதி ஓடவும் விட்டார்கள். திங்கட்கிழமை முதல் அந்த அறை கிடையாது. டிசைன் ஒரு மாடி, டெவலப்மெண்ட் ஒரு மாடி, இனி ஆயுசுக்கும் அப்படித்தான். ஒரு மாடியில் உட்கார்ந்தவர் வேலை தேடி வேறு கம்பெனிக்குப் போனாலும் அந்த மாடிக்காரராகத்தான் போக வேண்டும்.

நெற்றியில் ஒரு சொட்டு இறங்கிப் புருவத்தில் நின்றது. துடைக்கப் போய், துடைக்கிற கையிலும் எண்ணெய் என்று விட்டுவிட்டாள். இரண்டுமே தெரிந்தவளிடம் ஒன்றைச் சொல் என்றால் என்ன அர்த்தம்? இப்படி நினைத்ததுமே உள்ளே வேறொரு குரல், அடி போடி, இரண்டும் தெரியும் என்று சொல்லிக்கொள்வது உனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று எனக்குத் தெரியாதா என்றது. உண்மைதான். டிசைன்காரர்கள் கூடி நின்று பேசும்போது ஏதாவது குறை சொல்லிவிட்டால், நான் அடிப்படையில் கோடிங் ஆளுங்க என்று சிரித்து நழுவிக்கொள்வாள். கோடிங்கில் எங்காவது மாட்டிக்கொண்டால், நமக்கு டிசைன்தானே முதல் என்று தோளைக் குலுக்குவாள். ஒரு காலை எப்போதும் வாசலுக்கு வெளியே வைத்திருந்தாள். இப்போது இரண்டு காலையும் உள்ளே வை என்கிறார்கள். பயமாக இருக்கிறது. பயம் என்று ஒத்துக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அதைவிட, போன புதன்கிழமை மேனேஜர் ஸ்ரீவத்சன் சார் காபி மெஷின் பக்கத்தில் நின்று சொன்னது வேறு தொண்டையில் மீன்முள்ளாகக் கிடந்தது. "உங்களுக்கு என்னம்மா குழப்பம்? டிசைன்தான். லேடீஸ்க்குக் கலர் சென்ஸ் இயற்கையாவே இருக்கு. கோடிங்லாம் பசங்க ராப்பகலா உக்காந்து மண்டைய உடைச்சுக்கற வேலை, உங்களுக்கு எதுக்கு?" கெட்ட மனுஷர் இல்லை. நல்லது செய்வதாகவே நினைத்துச் சொன்னார், அதனால்தான் அது இன்னும் உள்ளே போய்த் தைத்தது. அவள் என்ன செய்தாள்? சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. சரி, டெவலப்மெண்ட் வட்டத்தைத் தொட்டு அந்த மனுஷர் மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டால் என்ன? பூசலாம். ஆனால் அவருக்காக டிசைனை எடுப்பதும் அவருக்காக டிசைனை விடுவதும் ஒன்றுதானே? இரண்டிலும் வண்டியை ஓட்டுகிறவர் ஸ்ரீவத்சன் சார், பின் சீட்டில் நான். இந்த இடத்துக்கு வந்துதான் அன்றிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள். இங்கே வருகிறாள், திரும்புகிறாள், சுற்றிக்கொண்டு மறுபடி இங்கேயே வருகிறாள்.

டெவலப்மெண்டை விடுவது சும்மாவா? எஞ்சினியரிங் காலேஜ் வாசலைக்கூட மிதித்தவள் இல்லை அவள். அரசு கலைக்கல்லூரி, பி.எஸ்.சி., பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோடிங் எழுதினால் பின்னால் நின்று பார்த்துவிட்டு, 'எங்கிருந்து காபி பேஸ்ட்?' என்று கேட்பார்கள். விளையாட்டாகத்தான். தினம் தினம் விளையாடினார்கள். ஆடி மாதம் ஒருநாள், ஒரு பள்ளிக்கூடத்தின் இணையதளம் காலை பத்து மணிக்குத் திறந்தால் ஓடுகிறது, பதினொன்றுக்குப் படுத்துவிடுகிறது, மறுபடி எழுகிறது. மூன்று எஞ்சினியர்கள் அதைச் சுற்றி நின்று ஆளுக்கொரு ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் தன் இடத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனாள், எழுநூற்றுச் சொச்சம் வரி. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. கண்டுபிடித்தபோது யாரிடமும் கத்திச் சொல்லவில்லை. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, கண்ணாடியில் தன்னையே ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு வந்து, 'சரியாயிடுச்சு, பாருங்க' என்றாள். அன்றைக்கு வந்த பெருமை இன்னும் இருக்கிறது, ஒரு குந்துமணி குறையவில்லை. அந்தப் பெருமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடி மாறுவதா? கோடிங் என்றால் வாதமே கிடையாது. ஓடினால் ஓடியது, ஓடவில்லையென்றால் ஓடவில்லை, அங்கே லேடீஸ் ஜென்ட்ஸ் கிடையாது. டிசைனோ ஊரார் சொத்து. 'கொஞ்சம் பளிச்சுன்னு வேணும்' என்பார் தளம் செய்யச் சொன்ன கடை முதலாளி. 'என் மிஸஸ்க்குப் பச்சை பிடிக்கல' என்பார் மறுநாள். மாமாவுக்கு டிசைன் என்றால் ஃபிளெக்ஸ் போர்டு, காதுகுத்துப் பத்திரிகை. 'அட, நம்ம வாணி பத்திரிகை போடற வேலைல இருக்குது' என்று கல்யாண மண்டபத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னவர். கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததும் கிட்டத்தட்ட அதுதான். டெவலப்பர் வீடு கட்டுபவர், டிசைனர் வர்ணம் அடிப்பவர் என்றார்கள். வர்ணம் அடிப்பவரைக் கேட்காமல் வாசல் எங்கே வைப்பது என்று யார் முடிவு செய்தார்கள் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை, பரீட்சைக்கு எழுதிவிட்டு வந்துவிட்டாள்.

"ஏங்கண்ணு, தலைய ஆட்டாத உக்காரு. அரப்பு கரைச்சுட்டு வந்தர்றேன்" என்று அடுக்களை ஜன்னலிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஆட்டலம்மா." "ஆட்டலையா? அங்கிருந்து பார்த்தாத் தெரியுதே, பஞ்சாயத்துல பேசற மாதிரி ஆட்டிட்டு உக்காந்திருக்கற. ஆரோட சண்டை?" "ஆரோடயும் இல்லம்மா." "அந்தப் படிவமா?" "ம்." "எதையோ ஒண்ணத் தொட்டுட்டு வா சாமி, அரப்பு ஆறிரும்" என்றாள் அம்மா. அரப்புக்குச் சூடு உண்டா, ஆறுவதற்கு? வடித்த கஞ்சியில் கரைப்பாள், அந்தக் கஞ்சியின் சூட்டைச் சொல்கிறாள். அம்மாவின் உலகத்தில் அவசரத்துக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும். எண்ணெய் காதுக்குள் போய்ச் சத்தமெல்லாம் கொஞ்சம் தூரத்தில் கேட்டது, பக்கத்து வீட்டுக் குக்கர், தெருவில் கீரைக்காரம்மா யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவது. பேர் சொல்லி. அந்தக் கூப்பாடு கேட்டதும் அவளுக்கு மாரப்பன் நினைவு வந்தது. இல்லை, நினைவு வந்தது மாரப்பன் இல்லை.

இப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் குழம்பும், அதனால் அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்ளும்போதுகூட முதலிலிருந்துதான் தொடங்குவாள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. கவுண்டரில் நோயாளியின் விவரத்தைப் பதிந்தால், டோக்கன் எண்ணும் பெயரும் கூடத்தில் இருக்கும் பெரிய திரையில் வர வேண்டும், நர்ஸ் அதைப் பார்த்து மைக்கில் கூப்பிட வேண்டும். படிவம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்தவளும் அவள், கோடிங் எழுதியவளும் அவள். எங்கேயோ வெளிநாட்டுப் படிவத்தைப் பார்த்து, முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு இடம் விட்டாள். 'கடைசிப் பெயர்' பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் வைத்தாள், அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. இனிஷியல் மட்டும் போட்டாலும் ஏற்காது, குறைந்தது மூன்றெழுத்து வேண்டும் என்று கட்டளை எழுதினாள். சொந்தமாகக் கடைசிப் பெயர் இல்லாத, ப. கோகிலவாணி என்று கையெழுத்துப் போடுகிற, அதே ஊர்ப்பக்கத்துப் பெண் எழுதினாள் இதை! கவுண்டரில் இருந்தவர் என்ன செய்வார்? 'கடைசிப் பெயர் என்னங்க?' என்று கேட்டிருக்கிறார், 'அப்படி ஒண்ணும் இல்லீங்க' என்றிருக்கிறார்கள். அவரும் 'இல்லை' என்றே அடித்துவிட்டார். படிவம் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டது, மூன்றெழுத்துதானே. திரையில் வந்தது, டோக்கன் நாற்பத்தொன்று, மாரப்பன் இல்லை. மைக்கிலும் நர்ஸ் அப்படியே படித்தார், ஒரு தரம் அல்ல, வழக்கம்போல இரண்டு தரம். மாரப்பன் இல்லை. மாரப்பன் இல்லை. மாரப்பனைப் பத்து நிமிஷம் முன்னால்தான் எக்ஸ்ரே எடுக்க உள்ளே கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் சம்சாரம் ராமாத்தாள் கையில் இருந்த ஒயர்கூடையைக் கீழே வைக்கவும் இல்லை, அப்படியே தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். கூடம் முழுக்க எழுந்து நின்றது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்த மாரப்பன், 'ஏ புள்ள, என்னாச்சு, ஆரு போய்ட்டா?' என்று கேட்டாராம்.

புகார் வந்த அன்று ஆபீசில் சிரித்தவர்கள் சிரித்தார்கள், அப்புறம் கூட்டம் போட்டார்கள். வார்த்தை தப்பு, ஆகவே டிசைன் தப்பு என்றது ஒரு கட்சி. மூன்றெழுத்துக் கட்டளை தப்பு, ஆகவே கோடிங் தப்பு என்றது இன்னொரு கட்சி. ஒரு மணி நேரம். இரண்டு தப்புக்கும் சொந்தக்காரி நடுவில் உட்கார்ந்திருந்தாள், அவள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை, அவ்வளவு மும்முரம். மறுநாள் அவள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தாள். யாரும் அனுப்பவில்லை. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரை. பிளாஸ்டிக் உறை கிழிந்த எக்ஸ்ரேக் கவரைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்த தாத்தா. ஒரு காது மட்டும் கேட்கும், அதனால் தன் பேர் வந்தால் சொல்லச் சொல்லி இரண்டு பக்கமும் ஆள் வைத்திருந்த கண்ணம்மாள். 'கடைசிப் பேரு எதுக்குங்க, நான் இன்னும் இருக்கறனே' என்று கவுண்டரில் மல்லுக்கு நின்ற ஒரு பாட்டி. அந்தம்மாளைத் தள்ளிவிட்டு முன்னால் வந்த மகன், அவனுக்கும் கடைசிப் பெயர் இல்லை. மதியத்துக்கு மேல்தான் அவளுக்குப் புரிந்தது. பக்கத்தில் வந்து உட்காருகிற ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான், 'எந்தூருங்க?' இரண்டு மாரப்பன்கள் வந்தாலும் இரண்டு ஊர் மாரப்பன்களாகத்தான் வருவார்கள். படிவத்தில் கடைசிப் பெயரைத் தூக்கிவிட்டு 'எந்த ஊர்?' என்று போட்டாள். அடுத்த வாரம் திரையில் வந்தது, மாரப்பன், கப்பளாங்கரை. தன் ஊர்ப் பேரும் சேர்ந்து மைக்கில் வந்ததும் நிமிர்ந்து எழுந்து போனார்கள் ஒவ்வொருவரும், ஏதோ மேடைக்குப் போகிறவர்கள் மாதிரி. இதைப் பார்க்க இன்னொரு தரமும் லீவு போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. யாருக்குப் புரியும், அப்புறம் பைத்தியம் என்பார்கள். ஆனால் பெருமையாக இருந்தது, திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரிக்கிற அளவுக்குப் பெருமை.

ஆபீசில் இதை எப்படிச் சொல்வாள்? 'இரண்டே வரிங்க. கோடிங்ல இரண்டே வரிதான் மாத்தினேன், முடிஞ்சுது.' எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், தம்பியிடம் சொன்னாள், ஸ்ரீவத்சன் சாரிடமே சொன்னாள். இரண்டே வரி என்று சொல்லும்போது எதிரில் இருப்பவர் புருவம் உயரும், அதற்காகவே அப்படிச் சொல்வாள். சரி, அந்த இரண்டு வரி என்ன? வெயில் பிடரியில் சுட்டது. வாணி யோசித்தாள். என்ன எழுதினேன்? மூன்றெழுத்துக் கட்டளையை எடுத்தேன், அது ஒன்று. இன்னொன்று? எந்தக் கோப்பு, எந்த இடம்? வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தாள். திரும்பத் திரும்பக் கண்ணம்மாள்தான் வருகிறார், கேட்கிற காதை மைக் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. அந்தக் காதில் போட்டிருந்த கல் தோடு நினைவிருக்கிறது, ஒரு கல் உதிர்ந்த இடம் நினைவிருக்கிறது, சொந்தக் கையால் எழுதிய வரி நினைவில்லை. ஐயோ, அவர்கள் சொன்னது நிஜம்தானா, காபி பேஸ்ட்காரிதானா நான்? இல்லை. பள்ளிக்கூடத் தளத்தின் எழுநூற்றுச் சொச்சம் வரியில் எந்த வரி பிழை என்று இப்போது கேட்டாலும் சொல்வேன், நானூற்றுப் பன்னிரண்டு. எனக்குக் கோடிங் வரும். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது, மாடி மாறினாலும் முடியாது. வரும் என்பது வேறு, வேலை என்பது வேறு. அந்த ஆஸ்பத்திரி இரண்டு வரி பத்து நிமிஷ வேலை, எதிர் மேஜைக்காரரிடம் சொல்லியிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பார். அந்தப் பகல் முழுக்க அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்க அவர்களில் யார் போயிருப்பார்கள்? பதினோரு பேரில் யாருக்கு அது தோன்றியது? எனக்குத்தான் தோன்றியது. அதுதான் என் வேலை. கலர் இல்லை, பச்சையா நீலமா இல்லை. எதிரே இருப்பவரிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்டால் அந்த ஆள் நிமிர்ந்து பதில் சொல்லுவார் என்று கண்டுபிடிப்பது. இத்தனை வருஷமாக அதை இரண்டு வரிக்குள் ஒளித்து வைத்துவிட்டு, பார்த்தவர்கள் பாராட்டுகிற பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். டிசைன். அப்படியென்றால் டிசைன்தான். இப்படித் தீர்ந்ததும் உடனே ஸ்ரீவத்சன் சாரின் முகம் வந்து நின்றது, பார்த்தாயா, சொன்னேனே என்று. போகட்டும், வந்து நிற்கட்டும். ஒருத்தர் தப்பான காரணம் சொல்லிவிட்டார் என்பதற்காக என் வீட்டு வாசலை நான் ஏன் மாற்றிக் கட்ட வேண்டும்? அவர் சொன்ன டிசைன் வேறு, என் டிசைன் வேறு. பெயர் ஒன்றாக இருக்கிறது, அது அவர் குற்றமும் இல்லை.

அம்மா அரப்புக் கிண்ணத்தோடு படியிறங்கவும் ஃபோன் அடிக்கவும் சரியாக இருந்தது. திரையில் மேனேஜர் பெயர். "ஆரு கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே அம்மா புறங்கையால் பச்சையைத் தள்ளி, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டாள். "வாணி, எல்லார் ஃபார்மும் வந்துடுச்சு, உங்களது மட்டும் இன்னும் வரலையேம்மா. ஒன்பது ஐம்பத்திரண்டு. பரவால்ல, எப்படியும் டிசைன்தானே, நானே போட்டுடறேன்" என்றார் ஸ்ரீவத்சன் சார். அன்பாகத்தான் சொன்னார். அவள் முக்காலியிலிருந்து எழுந்தாள். "வேண்டாம் சார். நான் போடறேன். ரெண்டு நிமிஷம், லைன்லயே இருங்க." கொடியில் கிடந்த துண்டை இழுத்து விரல் விரலாகத் துடைத்தாள், நகக்கண் வரைக்கும். படிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். பெயரை அடித்துவிட்டு முதல் வட்டத்தைத் தொட்டாள். நிரம்பியது. அனுப்பு என்பதை அழுத்தினாள். மறுமுனையில் கீபோர்டு தட்டுகிற சத்தம், பிறகு சிரிப்பு. "வந்துடுச்சு, வந்துடுச்சு. டிசைன். நான்தான் அன்னிக்கே சொன்னேனேம்மா. லேடீஸ்க்கு அது இயற்கையாவே..."

"நீங்க சொன்னதால எடுக்கல சார்" என்றாள் வாணி. "நீங்க அப்படிச் சொன்னதுக்கப்புறமும் எடுத்திருக்கேன்."

மறுமுனையில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. "சரிங்க வாணி" என்றார், ம்மா போடாமல். "திங்கட்கிழமை பார்க்கலாம்ங்க." வைத்துவிட்டார். வாணிக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது, சிரிப்பு வந்தது, சிரிப்புக்கு நடுவில் கண்ணும் கலங்கியது. அம்மா ஃபோனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆரு கண்ணு அது?" "என்ற மேனேஜரும்மா." "அட பாவம்" என்று சொல்லிவிட்டு அம்மா அவளை முக்காலியில் உட்கார வைத்து, ஒரு கை அரப்பை அள்ளி உச்சந்தலையில் அப்பினாள்.